தொகுதி நமக்கு, வேட்பாளர் யாருக்கு?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 இடங்கள். அதில் 44 பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். எந்தக் கட்சி வென்றாலும், எந்த அலை அடித்தாலும் இந்த 44 பேர் கோட்டைக்குள் போவார்கள். ஆனால் ஒரு சாதி ஆணவக்கொலை நடந்தால், ஊரே சேர்ந்து ஒரு சேரிக்குப் பாதையை அடைத்தால், இந்த 44 பேரில் எத்தனை பேரின் குரல் கட்சித் தலைமையின் அனுமதி இல்லாமல் வெளியே வருகிறது?

கல்லூரி மாணவர்களோடு பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. "நம்ம ஆளுங்கதானே, ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சு யாராவது ஒரு எம்.எல்.ஏ.வைத் திட்டுவதில் முடிகிறது. விலைபோய்விட்டார், பயந்துவிட்டார், மறந்துவிட்டார். இருக்கலாம். ஆனால் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கட்சிகளில், எழுபது ஆண்டுகளாக ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்றால், ஆட்களைத் திட்டி என்ன பயன்? அவர்களை அங்கே கொண்டுபோய் உட்காரவைக்கும் முறையைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த முறை வாக்குப்பதிவு நாளில் தொடங்குவதில்லை. கட்சி அலுவலகத்தில் தொடங்குகிறது. விருப்ப மனு, கட்டணம், ஐந்து நிமிட நேர்காணல், அப்புறம் ஒருநாள் பட்டியல் வெளியாகும். யாருக்கு பி படிவத்தில் கையெழுத்து விழுகிறதோ அவருக்குச் சின்னம். அந்தக் கையெழுத்தைப் போடுவது தொகுதியில் இருக்கும் தலித் வாக்காளர் அல்ல. கையெழுத்துப் போட்டவருக்குத்தானே அவர் பதில் சொல்வார்?

வேட்பாளரைக் கட்சித் தலைமை தேர்ந்தெடுக்காமல் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு முதல்நிலைத் தேர்தல் என்று பெயர். அமெரிக்கச் செய்திகளில் "பிரைமரி" என்று கேட்டிருப்பீர்கள். மாகாணச் சட்டமன்றத்துக்குப் போக விரும்புகிறவர் முதலில் சொந்தக் கட்சிக்குள் மக்கள் ஓட்டு வாங்கி வர வேண்டும். இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். இந்த மண்ணில் ஒரு காலத்தில் முதல்நிலைத் தேர்தல் சட்டப்படி நடந்தது. அதுவும் தலித்துகளுக்கு மட்டும்.

பூனாவில் கிடைத்ததும் போனதும்

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதி முறையில் கொடுத்தது. தலித் உறுப்பினரைத் தலித்துகளே தேர்ந்தெடுப்பார்கள். பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. இதை எதிர்த்து காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்ததும், செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானதும் நமக்குத் தெரியும். அம்பேத்கரோடு நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள்.

ஒப்பந்தத்தில் இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. இதைத்தான் பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு அடுத்த விதியை யாரும் சொல்லித் தருவதில்லை. தொகுதியில் உள்ள ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் கூடி ஒரு முதல்நிலைத் தேர்தல் நடத்துவார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய நான்கு பேர் பட்டியலில் இடம்பெறுவார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். இந்த ஏற்பாடு பத்து ஆண்டுகளுக்கு.

தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்தது இது. பாதி உரிமை என்று சொல்லலாம். யார் நிற்கக் கூடாது என்று சொல்லும் உரிமை நம்மிடம், யார் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை மற்றவர்களிடம்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். முதல்நிலைத் தேர்தலில் நூறு தலித்துகள் ஓட்டுப் போடுகிறார்கள். முதலாவது வந்தவருக்கு 60 ஓட்டு. நாலாவது வந்தவருக்கு 7. இறுதித் தேர்தலில் அதே நூறு தலித்துகளோடு நானூறு சாதி இந்துக்களும் ஓட்டுப் போடுகிறார்கள். பண்ணையாருக்கு அடங்கிப் போகிற ஆள் நாலாவது இடத்தைப் பிடித்தால் போதும். மீதியை நானூறு ஓட்டு பார்த்துக்கொள்ளும். நம் மக்கள் ஏறக்குறைய ஒதுக்கித் தள்ளிய ஒருவர் நம் பிரதிநிதி ஆகிவிடுவார். அதோடு, கையில் காசு இல்லாத நம் வேட்பாளர் ஒரே இடத்துக்கு இரண்டு தேர்தல் செலவு செய்ய வேண்டும். நான்கு பேருக்கு மேல் மனு செய்யாத இடங்களில் முதல்நிலைத் தேர்தலே நடக்கவில்லை.

1946 மாகாணத் தேர்தலில் அம்பேத்கரின் பட்டியல் சாதிக் கூட்டமைப்பு 151 தனி இடங்களில் 2 மட்டுமே வென்றது. "பார்த்தீர்களா, தலித்துகள் காங்கிரஸ் பக்கம்" என்று பேசினார்கள். அம்பேத்கர் விடவில்லை. இறுதித் தேர்தலை ஏன் பார்க்கிறீர்கள், தலித்துகள் மட்டும் ஓட்டுப் போட்ட முதல்நிலைத் தேர்தலைப் பாருங்கள், எங்கள் பலம் அங்கே தெரியும் என்று அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் வாதாடினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பாதி உரிமையும் போனது. 1947 ஆகஸ்ட் 28 அன்று அரசியல் நிர்ணய சபையில், சென்னை மாகாணத்திலிருந்து போன பட்டியல் சாதி உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனித்தொகுதியில் வெல்பவர் அங்கே பதிவான பட்டியல் சாதி வாக்குகளில் குறைந்தது 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும் என்பது அது. படேல் எதிர்த்தார். நாகப்பா திரும்பப் பெற்றுக்கொண்டார். அன்றோடு அந்தக் கதவு மூடியது. இடம் மட்டும் மிஞ்சியது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை கட்சித் தலைமைகளின் கைக்குப் போனது.

டெக்சாஸில் இதே பூட்டு

1946-ல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மக்களின் நிலையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தேர்தல் விஷயத்திலும் அந்த ஒற்றுமை உண்டு.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அன்று டெமாக்ரடிக் கட்சி வைத்ததுதான் சட்டம். அதன் முதல்நிலைத் தேர்தலில் ஜெயித்தவர் இறுதித் தேர்தலிலும் ஜெயித்த மாதிரிதான். ஆகவே டெக்சாஸ் வெள்ளையர்கள் கறுப்பரின் ஓட்டுரிமையை மொத்தமாகப் பறிக்கச் சிரமப்படவில்லை. முதல்நிலைத் தேர்தலில் கறுப்பர் ஓட்டுப் போடக் கூடாது என்று 1923-ல் சட்டம் போட்டார்கள். 1927-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டமன்றம் அந்த அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவுக்குக் கொடுத்தது. 1932-ல் அதுவும் ரத்தானது. உடனே கட்சி மாநாடு கூடி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் என்று தீர்மானம் போட்டது. பூனா ஒப்பந்தம் கையெழுத்தான அதே வருடம்! "கட்சி ஒரு தனியார் சங்கம், அது யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம்" என்று 1935-ல் நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற பல் மருத்துவர் தொடுத்த வழக்கில், தர்குட் மார்ஷல் வாதாடி, 1944-ல்தான் அந்தப் பூட்டு உடைந்தது.

பூட்டு உடைந்ததும் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. அதே ஹூஸ்டனில் பார்பரா ஜோர்டன் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் 1962-ல் டெக்சாஸ் கீழவைக்கு முதல்நிலைத் தேர்தலில் நின்றார். தோற்றார். 1964-ல் திரும்ப நின்றார். திரும்பத் தோற்றார். அன்று ஹாரிஸ் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. கறுப்பர் குடியிருப்புகளில் ஓட்டு திரண்டு விழுந்தாலும், மாவட்டத்தின் வெள்ளையர் ஓட்டுக்குள் அது கரைந்துபோனது. நம் தனித்தொகுதிக் கணக்கு மாதிரியே இல்லையா?

1966-ல் மூன்றாவது முறை நின்றார். இந்தமுறை மாநில மேலவைக்கு. இடையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டிருந்தன. அவருடைய வட்டாரக் கறுப்பின மக்களும் உழைப்பாளர்களும் ஒரு தொகுதிக்குள் வந்தார்கள். ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும் என்ற விதியும் ஒழிந்திருந்தது. முதல்நிலைத் தேர்தலில் ஒரு வெள்ளையரைத் தோற்கடித்து வென்றார். 1883-க்குப் பிறகு டெக்சாஸ் மேலவைக்குள் நுழைந்த முதல் கறுப்பர் அவர். அங்கே போன முதல் கறுப்பினப் பெண்ணும் அவர்தான்.

1962-ல் தோற்ற ஜோர்டனும் 1966-ல் வென்ற ஜோர்டனும் ஒரே ஆள். திறமை நான்கு வருடத்தில் முளைத்து வரவில்லை. எல்லைக்கோடு மாறியது, வரி ஒழிந்தது. அதைவிட முக்கியம், கோடு மாறியபோது அவர் தயாராக இருந்தார். 1960 அதிபர் தேர்தலிலேயே ஹூஸ்டன் கறுப்பர் பகுதிகளில் வட்டாரம் வட்டாரமாக ஆள் நிறுத்தி வாக்காளர்களைத் திரட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது.

நம் ஊர்க் கணக்கு

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நினைவிருக்கிறதா? 1996-ல் அந்த ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது யாரையும் நிற்கவிடவில்லை. பிறகு தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-ல்தான் முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். "யார் வேட்பாளர்" என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்று நமக்கு முன்னால் ஆதிக்க சாதிகளுக்குப் புரிந்திருந்தது.

சட்டமன்றத் தொகுதியில் அரிவாள் தேவைப்படுவதில்லை. பி படிவம் போதும். பெரும்பாலான தனித்தொகுதிகளில் தலித் வாக்காளர்கள் பாதிக்கும் குறைவு. எனவே "எல்லாரும் ஏத்துக்கிற ஆள்" என்று ஒரு தகுதி வைத்து வடிகட்டுவார்கள். எல்லாரும் என்றால் யார்? சேரியில் கேட்டார்களா?

முதல்நிலைத் தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பணம் அங்கேயும் விளையாடும். 2014-ல் காங்கிரஸ் சில மக்களவைத் தொகுதிகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. வதோதராவில் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவர், மோடி அங்கே நிற்கிறார் என்றதும் மூத்த தலைவர் ஒருவருக்கு வழிவிட வேண்டியதாயிற்று. தலைமை நினைத்தால் எதையும் மாற்றும். இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நமக்குள் எண்ணிக்கையில் பெரிய சாதி எது என்று பார்த்தே ஓட்டு விழுந்தால், அருந்ததியரும் சிறிய சாதிகளும் நம் வீட்டுக்குள்ளேயே தோற்றுப்போவார்கள். பெண்களும் அப்படியே. இதற்கு விடை இல்லாமல் முதல்நிலைத் தேர்தல் கேட்பது நியாயமாகாது. சுழற்சி முறையை நாமே முதலில் பேச வேண்டும்.

"கட்சி விவகாரத்தில் சட்டம் தலையிட முடியாது" என்பார்கள். 1935-ல் டெக்சாஸில் சொன்ன அதே வாதம். குற்ற வழக்கு உள்ளவரை வேட்பாளராக்கினால் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற காரணத்தைக் கட்சிகள் வெளியிட வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்கலாம் என்றால், தனித்தொகுதியில் யார் யார் விருப்ப மனு கொடுத்தார்கள், இவரை எதற்காக எடுத்தீர்கள் என்றும் கேட்கலாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தொகுதி தனித்தொகுதி என்றால், பட்டியல் வெளியாகும் முன்பே எல்லாக் கட்சிகளிலும் விருப்ப மனு கொடுத்தவர்களை ஒரு மேடைக்குக் கூப்பிடுங்கள். அம்பேத்கர் மன்றம், படிப்பகம், காலனித் திடல், எங்கே வேண்டுமானாலும். பஞ்சமி நிலத்தில் உங்கள் நிலை என்ன? வன்கொடுமை வழக்கில் காவல் நிலையத்துக்கு வருவீர்களா? தலைமை வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? மக்கள் கேட்கட்டும். வராதவர் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை. ஆனால் அடுத்த ஐந்து வருடமும் அவரிடம் காட்ட ஒரு கணக்கு நம்மிடம் இருக்கும்.

உங்களில் சிலர் நிற்கவும் வேண்டும். உள்ளாட்சிக்கு 21 வயது போதும். சட்டமன்றத்துக்கு 25. சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும். பட்டியல் சாதி வேட்பாளருக்கு வைப்புத்தொகை 5,000 ரூபாய். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அந்தப் பணம் போகும். போகட்டும். ஜோர்டனும் இரண்டு முறை தோற்றவர்தான்.

சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கு அரசமைப்பு இப்போது கொடுத்திருக்கும் காலக்கெடு 2030 ஜனவரி 25. அதை நெருங்கும்போது "நீட்டிக்கலாமா வேண்டாமா" என்று எல்லாரும் பேசுவார்கள். நாமும் நீட்டிக்கச் சொல்வோம். கூடவே இந்த முறை நாகப்பாவின் திருத்தத்தையும் திரும்ப மேசையில் வைப்போம். 44 இடம் நமக்கு என்கிறீர்களே, ஆளைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு எத்தனை ஓட்டு?