துணி பழையதுதான், கூலி பழையதல்ல



டிசம்பர், ஜனவரி காலைக் குளிருக்கு நம் கெலிஓயாப் பிள்ளைகளுக்கு ஒரு ஜக்கெட் வேண்டும். நம் அலுமாரிகளிலோ யாரும் உடுக்காத ஸ்வெட் ஷர்ட்டுகள் கிடக்கின்றன. தையல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். இவை மூன்றையும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஸ்வெட் ஷர்ட் என்பது பாதி தைத்த ஜக்கெட். தோளும் கையும் தயார். உள்பக்கம் பொசுபொசுவென்று இருப்பதால் தனியாகப் பஞ்சு வைக்கத் தேவையில்லை. தைக்கத் தைக்கச் சுருங்கும் என்பதால் ஒரு அளவு பெரியதை எடுத்து, முதலில் கழுவிக் காயவையுங்கள். இடுப்பிலும் மணிக்கட்டிலும் உள்ள இழுபடும் பட்டிகளை வெட்டி, முன்பக்கத்தை நடுவால் பிளந்து, பக்கத் தையலைப் பிரித்து விரியுங்கள். மேலே பருத்தித் துண்டுகளை அடுக்கி வரிவரியாகத் தைத்து, பக்கங்களை மீண்டும் மூட்டி, ஓரத்துக்குப் பட்டி அடித்துப் பொத்தான் வைத்தால் சரி.

கஷ்டம் தையலில் இல்லை; "பழைய துணிதானே, இதற்கு எதற்கு இவ்வளவு காசு?" என்ற நம் பேச்சில்தான் இருக்கிறது. கர்நாடகத்தின் சித்தி சமூகப் பெண்கள் பழைய துணிகளில் தைக்கும் 'கவந்தி' போர்வைகள் 2011இல் நியூயோர்க்கில் கண்காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே மதிக்கப்பட்டது துணியல்ல, கைவேலை.

கண்ணும் முதுகும் நோகத் தைக்கும் பிள்ளைக்குப் பாராட்டு மட்டும் போதாது. இந்த விடுமுறையில் உங்கள் வீதியில் தைக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் ஒரு ஸ்வெட் ஷர்ட்டைக் கொடுங்கள். கூலியை முதலில் பேசிவிட்டுக் கொடுங்கள்.