கடனும் கருணையும்

படகுக்கும் வலைக்கும் கடன்பட்டுக் கடலை நம்பியிருப்போரின் துயரை, மீஞ்சூரை அடுத்த பழவேற்காட்டு மீனவர் நன்கறிவர். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகம் பேசுவதும் அத்துயரையே. நண்பனுக்காக ஷைலக்கிடம் கடன் பெற்ற அந்தோனியோ, கப்பல்கள் கரைசேராமையால், ஒப்பந்தப்படி தன் தசையையே அறுத்துத் தரும் நிலைக்கு ஆளாகிறான். பம்மல் சம்பந்தனார் இதனை ‘வாணிபுர வணிகன்’ எனத் தமிழ் மேடைக்குத் தந்தபோது ஊரும் பேரும் மாறின, அவ்வச்சம் மாறவில்லை.

கருணையற்ற சட்டம் நீதியாகாது என்பதே நாடகம் உணர்த்தும் அறம். எனினும், கருணையை வற்புறுத்திய அதே மன்றம், தோற்றுநின்ற ஷைலக்கை அவன் சமயத்தையே கைவிடுமாறு பணித்தது. கடன் கொடுத்தவனிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும் கருணை முழுமையன்று; வென்றவரும் அதற்குக் கடமைப்பட்டவரே. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இதனை எண்ணவைப்பதே ஷேக்ஸ்பியரின் பெருமை.