ரெண்டு கேமராவை ஒட்டிட்டா ஸ்டீரியோ ஆயிடுமா?

"கையால செஞ்ச பொருள்னா குறை இருக்கத்தான் செய்யும், அதுதான் அதோட அழகு." ஃபிலிம் கேமரா பைத்தியங்க மத்தியில இந்த வசனத்தை அடிக்கடி கேக்கறேன். மன்னிக்கணும் மக்களே, ஸ்டீரியோ கேமரா விஷயத்துல இது சுத்தப் பேத்தல். சாதா ஃபோட்டோவுல ஓரம் மங்கினா "ஆஹா, என்ன ஒரு மூடு"ன்னு சொல்லி சமாளிச்சுடலாம். ஸ்டீரியோவுல குறைன்னா பாக்கறவனுக்குத் தலைவலி. அப்புறம் "3டின்னாலே இப்படித்தாம்ப்பா"ன்னு பழி மொத்தமும் 3டி மேல!

சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ல ஸ்டீரியோஸ்கோப் பத்தி எழுதினப்போ அவர் காட்டினது ஃபோட்டோ இல்லீங்க, வெறும் கோட்டுப் படங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒண்ணு. பக்கவாட்டுல இருக்கற சின்ன வித்தியாசத்தை வெச்சே மூளை ஆழத்தைக் கட்டிடுது. ஆனா மேல கீழ வித்தியாசம் வந்தா? ரெண்டு கண்ணும் உள்பக்கமா சுலபமா திரும்பும். ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் போகச் சொன்னா ரொம்பக் கொஞ்சம்தான் போகும். தலைவலியோட ஒரு முக்கியமான ஊற்று இதுதான்.

என்கிட்ட இருக்கறது எளிமையான சமாச்சாரம். லீஃப் ஷட்டரும் 40 மி.மீ. லென்ஸும் உள்ள ஒரே மாடல் பழைய கேமரா ரெண்டு. அடியோட அடி சேத்து, ட்ரைபாட் ஓட்டை வழியா ஒரே போல்ட்டுல முடுக்கியிருக்கேன். லென்ஸுக்கும் லென்ஸுக்கும் நடுவுல 70 மி.மீ. அதாவது கிட்டத்தட்ட நம்ம கண் இடைவெளி. இதுக்கு ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. செலவு? ஒரு துண்டு ட்ரேசிங் பேப்பர்.

முதல் சோதனை: பின் கதவைத் திறந்து, ஃபிலிம் உக்கார்ற இடத்துல ட்ரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரை 'பி'யில பூட்டி, தூரத்து செல்ஃபோன் டவரைப் பாத்தேன். ஒண்ணுல டவர் உச்சி 1 மி.மீ. தள்ளி நின்னுச்சு. 40 மி.மீ. லென்ஸுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி. காரணம், ஒத்தை போல்ட்டை அச்சா வெச்சு ஒரு கேமரா லேசா சுழலுது. ரெண்டு பாடியையும் சேத்துப் பிடிக்கற மாதிரி ஒரு அலுமினியப் பட்டை போட்டதும் ஆட்டம் நின்னுச்சு. மிச்சமிருந்த இம்மியூண்டு சாய்வுக்கு கூல்டிரிங்ஸ் டின்னுல வெட்டின தகடு. :-)

ரெண்டாவது, நேரம். பின்னாடி ட்யூப்லைட் வெளிச்சம், முன்னாடி செல்ஃபோன் ஸ்லோ மோஷன், நொடிக்கு 240 ஃப்ரேம். ரெண்டு ஷட்டரும் திறக்கறதுக்கு நடுவுல 5 ஃப்ரேம் வித்தியாசம், அதாவது சுமார் 1/50 நொடி. ரெட்டைக் கேபிள் ரிலீஸ்ல ஒரு முனையோட நீளத்தைத் திருகித் திருகி, ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல திறக்கற வரைக்கும் விடலை.

இங்கதான் எதிர்க்கட்சி குறுக்க வரும். "இதெல்லாம் எதுக்கு சார்? ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாமே!"

மேல கீழ, சாய்வு ரெண்டையும் பண்ணிக்கலாம், ஓரத்தைக் கொஞ்சம் வெட்டணும், அவ்வளவுதான். நேரத்தை எப்படிங்க சரி பண்ணுவீங்க? மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல குறுக்க நடக்கறவர் 1/50 நொடியில 28 மி.மீ. நகர்ந்துடுவார். லென்ஸ் இடைவெளியே 70 தான்! கணக்குப் போட்டுப் பாருங்க. 3 மீட்டர்ல நடக்கற மனுஷர் ஒரு பக்கமா போனா 5 மீட்டர்ல தெரிவார், மறுபக்கமா போனா 2.1 மீட்டர்ல தெரிவார். படம் மங்காது, உடையாது, பாக்க அம்சமா இருக்கும். ஆனா பொய் சொல்லும். அடுத்தடுத்து நின்னவங்களைத் தெரு அகலத்துக்குப் பிரிச்சு வெச்சுடும்.

எனக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சண்டை இல்லீங்க. எங்க தாத்தா கட்டின வீட்டை வித்தாச்சு, சீக்கிரமே இடிக்கப்போறாங்க. முற்றம், நாலு தூண், தாழ்வாரத்துல நடமாடற பெரியம்மா... எது எவ்வளவு தூரத்துல இருந்துச்சுங்கறதுதான் எனக்கு வேணும். சாதா படம் எத்தனையோ கிடக்கு. இதுக்கு ரீடேக் கிடையாது. "குறைதான் அழகு"ன்னு அப்போ பெரியம்மாகிட்டயா போய்ச் சொல்றது?

கையால செய்யறதுங்கறது ஒட்டறதோட முடியற காரியமில்ல. அளந்து பாக்கறதும் கைவேலைதான். அந்தப் பாதியைச் செய்யச் சோம்பல்பட்டுட்டு அதுக்கு 'கலை'ன்னு பேர் வைக்காதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

டிஸ்கி: வேணும்னே கலங்கலா, கோணலா எடுக்கற நண்பர்களோட எனக்குச் சண்டை இல்லை. அவங்க ஒத்தை லென்ஸ்லயே எடுக்கட்டும், நானே மொத ஆளா கைதட்டறேன். :-)