நெட்டைப் பையனும் கடைச் சைக்கிளும்

மளிகைக் கடை என்றால் வாசலில் ஒரு சைக்கிள் நிற்கும். மொபெட் வந்துவிட்டது, மினி வேனும் வந்துவிட்டது. ஆனாலும் நாலு தெரு தள்ளி ஒரு சிப்பம் அரிசியும் ஒரு டின் எண்ணெயும் போய்ச் சேர நம்மில் பலருக்கு இன்றும் சைக்கிள்தான். அதை வாங்கும்போது நம் உறுப்பினர்கள் என்ன பார்க்கிறார்கள்? கேரியர் கனமாக இருக்கிறதா, ஸ்டாண்டு தாங்குமா, விலையில் ஏதாவது குறையுமா. ஓட்டப் போகிறவர் எவ்வளவு உயரம் என்று யாரும் பார்ப்பதில்லை. நாமும் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது கடைக்கு இருபது வயதுப் பையன் ஒருவன் வேலைக்கு வந்தான். நிலைவாசலில் குனிந்துதான் உள்ளே வருவான், அவ்வளவு உயரம். கணக்கில் சுத்தம், வாடிக்கையாளரிடம் மரியாதை. டெலிவரிக்குப் போனால் மட்டும் தாமதம். திரும்பி வந்ததும் மூட்டை மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பான். "இந்த வயசில் என்னப்பா மூட்டு வலி?" என்று கேலி செய்தோம், இரண்டொரு முறை கடிந்தும் கொண்டோம். எட்டு மாதத்தில் நின்றுவிட்டான். பிறகு பஞ்சர் ஒட்ட வந்த மெக்கானிக் ஒருவர், "அண்ணாச்சி, அந்தத் தம்பி உயரத்துக்கு இது சின்ன வண்டி. திருப்பும்போது முட்டி ஹேண்டில்ல இடிக்குமே, நீங்க பார்த்ததில்லையா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறோம். அவன் ஓட்டுகிற லட்சணம் அது என்று நினைத்திருந்தோம்.

குட்டையான பிள்ளை பெரிய வண்டியில் குரங்குப் பெடல் போட்டால் ஊரே கவனிக்கும். நெட்டையான ஆள் சின்ன வண்டியில் மடங்கி உட்கார்ந்து மிதிப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

நாம் வாங்கும் கறுப்புச் சைக்கிளில் 22, 24 என்று சொல்வது சக்கரத்தின் அளவல்ல. பெடல் அச்சு சுழலும் இடத்திலிருந்து சீட் குழாயின் மேல்முனை வரை உள்ள ஃபிரேமின் நீளம் அது. இரண்டிலும் சக்கரம் பெரும்பாலும் 28 அங்குலம்தான். தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடையில் 22 கைவசம் இருக்கும், அதையே தள்ளிக்கொண்டு வந்துவிடுவோம்.

ஆளை அளப்பதும் பெரிய வித்தை அல்ல. செருப்பைக் கழற்றிச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கடையில் இருக்கும் தடித்த பேரேட்டை இரு கால்களுக்கும் நடுவே கவட்டில் முட்டும்படி நிறுத்தி, அதன் மேல்விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறித்து, தரையிலிருந்து டேப் பிடியுங்கள். அதுதான் கால் நீளம். பெடல் கீழே இருக்கும்போது பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை, அந்தக் கால் நீளத்தைப் போல 1.09 பங்கு இருக்க வேண்டும் என்பது 1967 முதல் ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவரும் கணக்கு. நம் பையனுக்குக் கால் 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சீட் 39¼ அங்குலத்தில் இருக்க வேண்டும். கிராங்க் 6½ அங்குலம் போக, 22 ஃபிரேமுக்கு மேலே இன்னும் 10¾ அங்குலம் சீட் எழும்ப வேண்டும். 24 என்றால் 8¾ போதும். வண்டியோடு வரும் குட்டை சீட் பில்லர் அவ்வளவு தூரம் ஏறாது. ஏறாததால் சீட் தாழ்ந்தே கிடக்கும், முழங்கால் எப்போதும் மடங்கியே மிதிக்கும், பாரம் முழுவதும் முட்டிச் சிப்பியின் பின்னால் இறங்கும். அந்த வலியைத்தான் நாம் சோம்பல் என்று பேர் வைத்தோம்.

டேப்பும் கணக்கும் வேண்டாம் என்பவர்கள் குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்க்கட்டும். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் லேசான மடிப்பு தானே வரும்.

இருக்கிற பில்லரையே கடைசி வரை இழுத்து முடுக்குகிறவர்களும் உண்டு. அது ஆபத்து. குறைந்தது 2½ அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பில்லர் வளையும் அல்லது ஃபிரேம் விரியும். நீளப் பில்லர் தனியாக வாங்கிப் போடலாம். சீட் குழாய் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் சீட் உயர உயர ஆளும் பின்னால் போவார். அதோடு கேரியரில் ஒரு மூட்டையும் ஏறினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். ஆகவே சீட்டைக் கிளாம்பில் முன்தள்ளிப் பூட்டி, லோடில் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. ஹேண்டிலையும் உயர்த்தினால் பிரேக் கம்பிகளை மீண்டும் சரிசெய்தே தீர வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

"சீட்டை உயர்த்தினால் கால் ஊன்ற முடியாதே, லோடோடு சாய்ந்துவிட்டால்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீட்டில் உட்கார்ந்தபடியே கால் ஊன்றுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கிப் பாரின் இருபுறமும் கால் ஊன்ற வேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்து, பாருக்கு மேல் ஓர் அங்குலமாவது இடைவெளி இருந்தால் அந்த ஃபிரேம் அவருக்குப் பெரிதல்ல. சந்தைத் தெரு நெரிசலில் ஓட்டுகிறவருக்கு வேண்டுமானால் அரை அங்குலம் தாழ்த்திக் கொடுக்கலாம்; அதற்கு மேல் வேண்டாம்.

24 ஃபிரேம் கேட்டால் சைக்கிள் கடைகளில் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "ஆர்டர் கொடுத்தால் வரும்" என்பதே நமக்குக் கிடைத்த பதில். 1951-ல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் நிறுவனம் கூட, சாகிபாபாத் ஆலையில் 2020 ஜூன் 3 அன்று உற்பத்தியை நிறுத்திவிட்டது. அன்று உலக சைக்கிள் தினம் என்பது வேறு விஷயம். கேட்கிறவர் குறைந்தால் தயாரிப்பும் குறையும். நாம் கேட்காததால்தான் கடையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமது சங்கத்தில் சைக்கிள் வியாபாரிகளும் உறுப்பினர்கள். நீள சீட் பில்லர் நாலைந்தும், 24 ஃபிரேம் ஒன்றிரண்டும் கைவசம் வைத்துக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மளிகைக்காரர்கள் நாம் அடுத்த வண்டி வாங்கப் போகும்போது ஓட்டுகிறவரையும் கூட அழைத்துப் போவோம்.

இப்போது நமது கடையில் இருப்பவர் ஐந்தரை அடி. பழைய 22 அவருக்குப் பொருந்துகிறது. இருந்தாலும் சென்ற வாரம் பேரேட்டை வைத்து அளந்து, சீட்டை ஒன்றேகால் அங்குலம் உயர்த்தியிருக்கிறோம்.