திருப்தி வேறு, பற்று வேறு

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்நாட்களில் டிக்கெட் ஜன்னலில் மணிக்கணக்காக நின்று எங்களைத் திட்டியவர்கள், மறுமாதமும் அதே ஜன்னலுக்கு வந்தார்கள். அதைப் பயணிகளின் பற்று என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வேறு வழியில்லாமல் வந்தார்கள் என்பதே உண்மை. இங்கே வில்லிங்டன் தீவிலுள்ள ஹார்பர் டெர்மினஸுக்கு 2004-இல் பயணிகள் ரயில் நின்றது. 2018-இல் மீண்டும் எறணாகுளத்திலிருந்து ஒரு டெமு வண்டி விட்டார்கள். ஏறத்தான் ஆளில்லை, விரைவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குள் சனங்கள் பஸ்ஸுக்கும் ஸ்கூட்டருக்கும் பழகிவிட்டிருந்தார்கள்.

சரி, திருப்தியாக வைத்தால் வாடிக்கையாளர் தங்கிவிடுவாரா? 1995-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஜோன்ஸ், சாஸர் என்னும் இருவர் ஜெராக்ஸ் கம்பெனியின் அனுபவத்தை எழுதினார்கள். ‘திருப்தி’ என்றவர்களைவிட ‘முழுத் திருப்தி’ என்றவர்கள் மீண்டும் வாங்குவதற்கான வாய்ப்பு ஆறு மடங்காம். வெறும் திருப்திக்கு அவ்வளவுதான் மதிப்பு.

எனக்கே நேர்ந்தது ஒன்று. வெளியூரில் வேலையிலிருந்தபோது ஒரு லாண்டரியில் என் சட்டை தொலைந்தது. முதலாளி மறுபேச்சின்றி முழு விலையையும் எண்ணி வைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கடைப்படியை நான் மறுபடி மிதிக்கவில்லை. அந்தச் சட்டை யாருடையது என்பது கடைசிவரை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை!

மட்டாஞ்சேரியில் குடியேறிய பின், எங்கள் வீட்டுத் துணி ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள டோபி கானாவுக்குப் போகிறது. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்து உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினர் என்று அவர்கள் சொல்வார்கள். இப்போதுள்ள துவைக்கும் இடம் 1976-இல் கட்டப்பட்டது. கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி, முறுக்கின் இடையே துணியைச் செருகிவிடுகிறார்கள். காற்றடித்தாலும் விழாது. பாதைப் பிரிவுக்காரனான எனக்கு அந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருக்கும். கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து வரும் வேட்டி தகடு போல் நிற்கும். வீட்டில் வாஷிங் மெஷின் வந்து பத்தாண்டாகியும் வேட்டிகள் அங்கேதான் போகின்றன. கர்க்கடக மழையில் வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும்; காத்திருக்கிறோம். எந்த வேட்டி யாருடையது என்று குறியைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர் அங்கே இருக்கிறார்.

அவருடைய பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கென்ன யோக்கியதை? பொங்கல் விழா மேடையில் ‘நம் தமிழரின் தொன்மையான தொழில்’ என்று சொன்னால் கைதட்டுகிறோம். மறுநாள் வேட்டிக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டால் கரண்டுக் கணக்கும் மெஷின் கணக்கும் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பழைய கூலியையே வாங்கிக்கொண்டு போனார். அன்று அவருக்குத் திருப்தியா என்று நான் கேட்கவில்லை.

நம் சங்கத்து மேடை விரிப்புகள், உறுப்பினர் வேட்டிகள் அனைத்தையும் ஆண்டு முழுவதும் டோபி கானாவுக்கே கொடுப்பது, கேட்ட கூலியைக் கொடுப்பது என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.