ஐந்தரை சென்ட் நியாயம்

துப்பாக்கி தானாகச் சுடாது, கவனமில்லாத மனிதன்தான் சுடுகிறான் என்கிறார்கள். ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கிக்காக அமெரிக்க நீதிமன்றங்களில் கம்பெனி பல பத்தாண்டுகளாக வாதாடியது இதை வைத்துத்தான். அந்தத் துப்பாக்கியின் பக்தர்கள் இன்றுவரை ஒப்பிப்பதும் இதைத்தான். குழலை ஆள் இல்லாத பக்கம் பிடித்திருக்க வேண்டுமாம், ஒழுங்காகத் துடைத்து வைத்திருக்க வேண்டுமாம், விசையை நோண்டியிருக்கக் கூடாதாம். லட்சக்கணக்கானோர் நம்பி வாங்கியது, ராணுவமே ஏற்றுக்கொண்டது, அதில் எப்படிப் பழுது இருக்கும் என்று ஒரு கேள்வி வேறு.

வாதத்தைப் பிரிக்கும் முன் துப்பாக்கியைப் பிரிப்போம். 1962-இல் சந்தைக்கு வந்த இந்த ரகத்தின் அசல் விசைக்குள் கனெக்டர் என்றொரு சிறு உலோகத் துண்டு இருக்கிறது. விசையோடு அது பிணைக்கப்படவில்லை, சுருள்வில்லின் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் பாகத்துக்கு இதுதான் முட்டுக்கொடுக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் விசைக்கும் கனெக்டருக்கும் நடுவே ஓர் இடைவெளி திறந்து மூடும். அங்கே தூசியோ, இறுகிய எண்ணெயோ, உலோகப் பிசிறோ புகுந்தால் கனெக்டர் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. அப்புறம் சேஃப்டி என்னும் பாதுகாப்புத் தடுப்பை விலக்கினால் போதும், குண்டு பாயும். விரல் விசையைத் தொட்டிருக்கவே வேண்டாம். விரல்தான் சுடுகிறது என்பவர்கள் இங்கே எந்த விரலைச் சொல்கிறார்கள்?

இந்த ஆபத்தை முதலில் சுட்டிக்காட்டியது யார் என்று பாருங்கள். கம்பெனிக்கு எதிராக வழக்குப் போட்ட வக்கீல் அல்ல. அந்த விசையை வடிவமைத்த ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கரே. 700-க்கு முந்தைய மாடல் தயாராகிக்கொண்டிருந்தபோதே இப்படி நேரலாம் என்று 1940-களில் அவர் எழுதி வைத்தார். 1948-இல் திருத்தம் ஒன்றையும் முன்மொழிந்தார். அதற்கு ஆகும் கூடுதல் செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். கம்பெனி அதை ஏற்கவில்லை. பெற்றவனே பிள்ளைக்கு இன்ன நோய் என்று சொன்ன பிறகு, பக்கத்து வீட்டுக்காரன் கண்ணு வைத்ததால் வந்தது என்று வாதாடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

1979-ஆம் ஆண்டின் கம்பெனிக் கூட்டக் குறிப்பு இதைவிடச் சுவையானது. பழைய துப்பாக்கிகளைத் திரும்பப் பெறலாமா என்ற பேச்சு வந்தது. 20,000 ஆபத்தான துப்பாக்கிகளைக் கண்டுபிடிக்க 20 லட்சம் துப்பாக்கிகளைத் திரட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குச் சொல்லி, திட்டத்தைக் கைவிட்டார்கள். நூற்றில் ஒன்றுதானே என்பது அவர்கள் நியாயம். ஆனால் அந்த ஒன்று எது என்று வாங்கியவனுக்குத் தெரியாது. நூறு வீட்டிலும் அது அலமாரியில் ஒரே மாதிரிதான் நிற்கும்.

இனி அந்தக் குழல் பாடத்துக்கு வருவோம். குழலைப் பத்திரமான பக்கம் பிடிக்க வேண்டும் என்பது நல்ல விதிதான், மறுக்கவில்லை. மனிதன் தவறுவான் என்பதால் வந்த விதி அது. தயாரிப்பாளன் தவறுவதற்காக எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டு அல்ல. அதோடு, 1982-க்கு முன் செய்த 700 ரகத்தில் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் சேஃப்டியை விலக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் போல்ட் பூட்டிக்கொண்டு திறக்காது. பாதுகாப்பாக இருக்க நினைப்பவனைத்தான் அந்த அமைப்பு ஆபத்தான செய்கையைச் செய்ய வைத்தது. 2000-ஆம் ஆண்டு மொன்டானாவில் வேட்டை முடித்த ஒரு தாய், தோட்டாவை இறக்குவதற்காகச் சேஃப்டியை விலக்கினார். குண்டு பாய்ந்து அவருடைய ஒன்பது வயது மகன் இறந்தான். 1982-இலேயே புதிய துப்பாக்கிகளில் அந்தப் பூட்டை எடுத்துவிட்ட கம்பெனி, பழையவற்றுக்கு மாற்றுத் திட்டம் அறிவித்தது இந்தச் சாவுக்குப் பிறகுதான். அந்தத் தாய்க்கா குழல் பாடம் நடத்தப் போகிறீர்கள்?

ராணுவம் வைத்திருப்பதும் சாட்சி ஆகாது. தேர்ந்த வீரர்கள் கட்டுப்பாட்டோடு கையாண்டு, ஆயுதப் பழுது பார்ப்பவர்கள் கவனிக்கும் துப்பாக்கியும், மழையிலும் புழுதியிலும் அடிபட்டு ஆண்டுக்கு ஒரு மாதம் வெளியே வரும் வேட்டைக்காரனின் துப்பாக்கியும் ஒன்றல்ல. தூசி படாத காட்டில் மட்டும் பயன்படுத்தவும் என்று பெட்டியில் அச்சிட்டு விற்றார்களா?

பழுது இருந்தால் அரசு சும்மா விடுமா என்று இன்னொருவர் கேட்கலாம். விடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் முடி உலர்த்தும் கருவியைத் திரும்பப் பெறவைக்கலாம், துப்பாக்கியைத் தொட முடியாது. அந்த அதிகாரத்தைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. மிஞ்சியது நீதிமன்றம். துப்பாக்கித் தொழிலுக்கு அரணாக 2005-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம்கூட வடிவமைப்புப் பழுதுக்கான வழக்குகளுக்குக் கதவைத் திறந்தே வைத்தது. தொழிலின் நண்பர்களே ஒப்புக்கொண்ட பொறுப்பை மறுப்பவர்கள், அவர்களையும் மிஞ்சிய நண்பர்கள்.

பழுதை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசம் செய்துகொண்ட கம்பெனி, 2017-இல் நீதிமன்றம் அங்கீகரித்த ஏற்பாட்டின்படி சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு விசை மாற்றித்தரவோ ஈடு தரவோ முன்வந்தது. பழுதே இல்லாத பொருளுக்கு இவ்வளவு பெரிய மனசா?

கடைசியாக ஒரு கணக்கு. 1979-இல் திரட்ட மனமில்லாத அந்த 20 லட்சம் துப்பாக்கிகளுக்கும் வாக்கர் சொன்ன பழைய விலையிலேயே திருத்தம் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவு 1,10,000 டாலர். டெக்சாஸில் 1994-இல் ஒரே ஒரு வழக்கில் ஜூரி விதித்த தொகை 1 கோடியே 70 லட்சம் டாலர். கவனக்குறைவு யாருடையது என்று இப்போது பேசுவோம்.