மெட்டுக்கும் பெயர் உண்டு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் கோயில் திருவிழா என்றால் தெருவை அடைத்து மேடை எழும்பும். மேடை எழும்பினால் மெல்லிசைக் குழு வரும். 1809-ல் உருவான கண்டோன்மென்ட்டைப் பின்தொடர்ந்து சென்னை ராஜதானியிலிருந்து பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் நிறைந்த வட்டாரம் என்பதால், அறிவிப்பாளர் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பேசுவார். எந்த மொழியில் பேசினாலும் ஒரு ஒழுங்கு மட்டும் தவறாது. படத்தின் பெயர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் என்று வரிசையாகச் சொன்ன பிறகுதான் கீபோர்டில் முதல் சுரம் கேட்கும். பாடப்போவது நகல் என்பது மேடையில் இருப்பவருக்கும் தெரியும், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். யாருடைய சரக்கு என்பதைச் சொல்லிவிட்டுப் பாடுவதால் இரு தரப்புக்கும் கூச்சமில்லை.

இந்தத் தெருமேடை நாகரிகம் கோடிகள் புரளும் திரையிசைக்கு ஏன் கைகூடவில்லை என்ற கேள்வியை டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு எழுப்பியது. 2023 ஏப்ரலில் வெளியான 'பொன்னியின் செல்வன் 2' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'வீரா ராஜ வீரா' பாட்டு, தன் தந்தை நாசிர் ஃபையாசுதீன் டாகரும் பெரியப்பா ஜாஹிருதீன் டாகரும் உருவாக்கிய 'சிவ ஸ்துதி'யின் நகல் என்று துருபத் பாடகர் வாசிஃபுதீன் டாகர் புகார் கூறினார். படத்தில் டாகர் மரபு என்று பொதுவாக ஒரு குறிப்பு இருந்தது. இரண்டு பாடகர்களின் பெயர்கள் இல்லை. 'சிவ ஸ்துதி' எல்லோருக்கும் பொதுவான மரபுப் பாடல் என்றும், தம்முடைய பாட்டு 227 ஒலி அடுக்குகளோடு மேற்கத்திய முறையில் கட்டப்பட்ட தனிப் படைப்பு என்றும் ரஹ்மான் தரப்பு பதில் சொன்னது.

2025 ஏப்ரலில் தனி நீதிபதி பிரதிபா சிங் டாகர் பக்கம் நின்றார். டாகர் சகோதரர்களின் பெயரைச் சேர்க்கவும், 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டவும் இடைக்கால உத்தரவிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு பாடலைப் பாடினார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, அதை இயற்றியவர்களே அவர்கள்தான் என்பதற்கு முதல் நோக்கில் போதிய ஆதாரம் இல்லை என்பது அமர்வு சொன்ன காரணம். ரஹ்மானின் பாட்டு நகலா இல்லையா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.

சட்டப்படி இது தர்க்கமான தீர்ப்பாக இருக்கலாம். நூறு பேர் பாடிய பாட்டுக்கு, பாடிய ஒவ்வொருவரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் துருபத் போன்ற ஒரு கலையில் இயற்றுவது என்பதே பாடுவதில்தான் நடக்கிறது. குரு பாடுகிறார், சீடர் கேட்டுத் திரும்பப் பாடுகிறார். இடையில் காகிதம் இல்லை. எழுதாத இசையை இந்தியச் சட்டமும் வெகு காலம் இசையாகவே ஏற்கவில்லை. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின்படி, எழுத்திலோ அச்சிலோ பதிந்ததுதான் இசைப் படைப்பு. 1994-ல் திருத்தம் வந்த பிறகே அந்த நிபந்தனை நீங்கியது. நிபந்தனை நீங்கினாலும் நிரூபிக்க வேண்டிய சுமை நீங்கவில்லை. வாய்வழி மரபில் வந்தவர் நீதிமன்றப் படியேறினால் கையில் என்ன கொண்டுபோவார்?

இரவல் வாங்குவது புதிய பழக்கமும் அல்ல, கீழான பழக்கமும் அல்ல. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர், கம்பெனியார் பாண்டு வாத்தியத்தில் வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுசுர சாகித்தியங்கள் என்று பெயர் பெற்ற அந்தப் பாடல்கள் சுமார் 40. அவற்றில் ஒன்றின் மெட்டு, இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு. மேற்கத்திய மெட்டு என்பதை 'நோட்டு' என்ற பெயரே சொல்லிவிடுகிறது. பாரதியாரும் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் வர்ணமெட்டில் அரசியல் பாட்டுகள் எழுதினார். எந்தப் பாட்டின் மெட்டு என்பதைத் தலைப்புக்குக் கீழேயே குறித்தார். நாட்டு விடுதலையைப் பாடும் அவசரத்திலும் அந்த ஒரு வரிக்கு அவருக்கு இடம் இருந்தது.

கர்நாடக சங்கீதத்தில் இந்தக் கணக்கு பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. தியாகராஜர் தம் பெயரையே சரணத்தில் வைத்தார். தீட்சிதர் 'குருகுஹ' என்றும், கன்னட தேசத்துப் புரந்தரதாசர் 'புரந்தர விட்டல' என்றும், பாபநாசம் சிவன் 'ராமதாசன்' என்றும் முத்திரை பதித்தார்கள். பாட்டு எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் குரலில் ஏறினாலும் உரியவரின் பெயரும் கூடவே போகும். சினிமா செய்தது என்னவென்றால், மெட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு முத்திரையை அங்கேயே விட்டுவிட்டது.

எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. காம்போதியில் பாடப்பட்டு வந்த தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யை 1985-ல் 'சிந்து பைரவி' படத்துக்காக இளையராஜா சாரமதிக்கு மாற்றினார். ஆனால் சாகித்தியம் தியாகராஜருடையதாகவே நின்றது. அதோடு இணைந்த 'பாடறியேன்' பாட்டுக்காக சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு வந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பை இளையராஜா தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தார். பாக் எழுதிய வயலின் இசையைக் கர்நாடக இசையோடு பிணைத்த ஒரு துண்டுக்கு, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்ற பொருளில் தலைப்பும் வைத்தார். கடன் வாங்கியதைச் சொன்னதால் அவருடைய புகழில் ஒரு குன்றிமணி குறைந்ததாகத் தெரியவில்லை.

ராகம் யாருக்கும் சொந்தமல்ல என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. உண்மைதான். ராகம் ஊர்ப் பொதுக் கிணறு, யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். ஆனால் அந்த நீரில் ஒருவர் வளர்த்த தோட்டம் பொதுவாகிவிடாது. 2022-ல் கர்நாடகத்தையே கலக்கிய 'காந்தாரா' படத்தின் 'வராஹ ரூபம்' பாட்டு, தங்களுடைய 'நவரசம்' பாட்டின் நகல் என்று கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் குழு வழக்குத் தொடுத்தது. ராகம் ஒன்றாக இருப்பதால் வந்த ஒற்றுமை என்றது இசையமைப்பாளர் தரப்பு. இடைக்காலத் தடை வந்தது, படம் ஓ.டி.டி.யில் வெளியானபோது பாட்டு வேறு மெட்டில் ஒலித்தது, பின்னர் பழைய மெட்டே திரும்பியது. ராகம் எங்கே முடிகிறது, ஒருவருடைய கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல நீதிமன்றங்களே திணறுகின்றன.

தெரியாமல் நேர்வதும் உண்டு. ரவிசங்கரிடம் சிதார் பயின்ற பீட்டில்ஸ் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டு, 1963-ல் ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய பாட்டின் மெட்டு என்று 1976-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் வேண்டுமென்று திருடவில்லை, ஆழ்மனம் செய்த வேலை என்றார் நீதிபதி. ஆனாலும் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை. சிறு வயது முதல் கீர்த்தனைகளும் பழைய படப் பாட்டுகளும் காதில் விழுந்து வளர்ந்த நம் இசையமைப்பாளர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

பெயர் போட்டுவிட்டால் எல்லாக் கடனும் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. இயற்றியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கிறது. தியாகராஜருக்குப் பணம் தர வேண்டியதில்லை, அவர் 1847-ல் மறைந்தவர். வாழும் கலைஞர் விஷயம் வேறு. 1991-ல் வந்த 'குணா' படப் பாட்டை 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பயன்படுத்தியபோது, நன்றி சொன்னால் போதாது, அனுமதி வேண்டும் என்று இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இசை நிறுவனங்களிடம் உரிமை வாங்கிவிட்டோம் என்றது படத் தரப்பு. அனுமதியும் பணமும் சட்டம் பார்த்துக்கொள்ளக்கூடிய கடன்கள். பேரம் பேசலாம், வழக்காடலாம்.

சட்டத்தின் கைக்கு எட்டாத கடன் ஒன்று மிச்சம் இருக்கிறது. காகிதம் இல்லாத கலைஞனுக்குச் சேர வேண்டிய பெயர் அது. டாகர் குடும்பத்துக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இருந்தது, ஒலிப்பதிவுகள் இருந்தன, இருபது தலைமுறை மரபு என்று சொல்லிக்கொள்ளப் புகழ் இருந்தது. அவர்களுக்கே இந்தப் பாடு. ஒப்பாரிப் பாட்டிலும் கும்மியிலும் தெம்மாங்கிலும் இருந்து எடுத்த மெட்டுகளுக்கு யார் வழக்குப் போடப் போகிறார்கள்? நடவு வயலில் பாடிய பெண்மணிக்கு, தன் பாட்டுதான் திரையில் ஒலிக்கிறது என்பதே தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் நிரூபிக்க முடியாது. 'நாட்டுப்புறப் பாடல்' என்ற இரண்டு சொற்களோடு அவள் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த ஊரில் கேட்டது, யார் பாடக் கேட்டது, எந்தக் கீர்த்தனையிலிருந்து கிளைத்தது என்று படத்தின் பெயர்ப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். படத்தில் பயன்படுத்திய காருக்கும் கடைக்கும் நன்றி சொல்ல அந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது.

ஆஸ்டின் டவுன் மேடையில் அறிவிப்பாளருக்கு இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். அதற்குள் ஜனங்கள் ஒரு முறை கைதட்டியும் விடுவார்கள். அந்தக் கைதட்டல் மேடையில் இல்லாதவருக்கு.